முதல்ல வேரோனிக்காவோட முடிக்கவேணும்

யேசு மரி சூசை

டோர்செட் பார்க், ஸ்காபரோ
தை 29

அன்புள்ள தங்கச்சி செரீனாவுக்கு,

அக்கா வேரோனிக்கா எழுதுவது. நானும் என் இடது முழங்காலும் நல்ல சுகம். வலது முழங்காலைப் பற்றி நீ கேட்காமல் இருந்தால் நானும் சொல்லாமல் இருப்பேன். உங்கள் மடத்தில் வருகிற கடிதங்களை முதலில் மதர்தான் பிரித்து வாசிப்பார் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் மதருக்கும் என் வணக்கம். மதர், இது கொஞ்சம் நீளமான கடிதம், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

உலகமெல்லாம் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் நான் முத்திரை வாங்க வரிசையில் நிற்கிறேன். மெலனிக்கு அது பெரிய பகிடி. சின்னம்மாவுக்கு ஒரு போன் வாங்கி அனுப்புங்கோவன் அம்மா என்கிறாள். வெளி உலகத்தோடு பேச்சு வேண்டாம் என்று சொல்லி நாற்பத்தொரு வருடமாக உள்ளே இருக்கிறவளுக்குப் போன் எதற்கடி என்று பேசிவிட்டேன். அவள் போன மாதம் மோர்னிங்சைட்டுக்கு வீடு மாறிவிட்டாள். இப்போது பஸ்ஸில் போக முக்கால் மணித்தியாலம். அவளுக்கு அது பக்கம், எனக்கு அது தூரம்.

மார்கழி நடுவில் நான் வேலையை விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்த்தது போதும் என்று நினைத்தேன். விட்ட முதல் கிழமை நன்றாக நித்திரை கொண்டேன். இரண்டாம் கிழமை அலுமாரியை எல்லாம் அடுக்கினேன். மூன்றாம் கிழமை அடுக்கிய அலுமாரியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அப்போதுதான் எங்கள் கட்டடத்து மூத்தோர் கழகத் தலைவர் அன்புராசா வந்து கதவைத் தட்டினார்.

சித்திரையில் உயிர்த்த ஞாயிறுக்கும் வருடப்பிறப்புக்கும் சேர்த்துக் கழகத்தில் ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். போன வருடம் மருமகள்மாரைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்து, அதில் இரண்டு வீட்டுக்காரர் இன்றைக்கும் லிஃப்ற்றில் முகம் பார்ப்பதில்லை. ஆகவே இந்த முறை படம். அதுவும் பழைய ஹொலிவூட் கறுப்பு வெள்ளைப் படம், காதலும் பகிடியும் கலந்தது. ஒரு நீதிபதியின் மகளும் ஊர் ஊராகக் குடை விற்கிறவன் ஒருவனும் பனியில் வழி அடைபட்டு ஒரு மலை விடுதியில் வந்து ஒதுங்குகிறார்கள். விடுதிக்காரி கண்டிப்பானவள். புருஷன் பெண்சாதி என்றால்தான் அறை தருவாளாம். அதனால் இரண்டு பேரும் புருஷன் பெண்சாதியாக நடிக்கிறார்கள். அவன் குளிக்கிற தொட்டிக்குள் படுக்கிறான். மதர் பயப்படவேண்டாம், படம் முழுக்க அவன் தொட்டிக்குள்தான்.

படத்தில் எல்லோரும் மூச்சு விடாமல் கதைக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிடிபடாது. எனவே திரையின் அடியில் தமிழ் வசனம் ஓடவேண்டும். மொழிபெயர்க்க நான். படத்துக்குச் சொந்தக்காரரும் கொம்பியூட்டர் தெரிந்தவருமாக ஏழாம் மாடிச் சச்சிதானந்தன் அண்ணை. யாழ்ப்பாணத்தவர், சைவக்காரர், அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டினவர். என்னைப் போலத் துணையை இழந்தவர், மனைவி போய் ஆறு வருடம். வந்த புதிதில் காலையும் மாலையும் ஓட்டம், நடுவில் நாலு மணித்தியாலம் வீட்டில் சும்மா. அந்த நேரத்தில் ரீவியில் போன இப்படியான படங்களைப் பார்த்துத்தான் இங்கிலிஸ் படித்தாராம். அதனாலேதான் அவர் பஸ்ஸில் ஏறிய கிழவிகளுக்கெல்லாம் அந்தக் காலத்துத் துரைமார் போலத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி, இந்த மனிதரோடு எனக்கு ஒத்தே வரவில்லை. புதன்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள் என்றால் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மணி அடிக்கிறார். நான் வேலை பழகிய விதம் உனக்குத் தெரியும். நோயாளி தனக்கு நெஞ்சு நோகுது என்றால், நானும் எனக்கு நெஞ்சு நோகிறது என்றுதான் டொக்டருக்குச் சொல்லவேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. இவரோ ஒரு வரி மூன்று விநாடிதான் நிற்கும், வெட்டுங்கோ வெட்டுங்கோ என்கிறார். நாலாம் மாடி அமிர்தநாதருக்கு எண்பத்தாறு வயது, அந்தாள் கண்ணாடியைத் தேடிப் போடுறதுக்குள்ள உங்கடை வசனம் போயிடும் என்கிறார்.

முதல் சண்டை டார்லிங் என்ற ஒரு சொல்லில் வந்தது. நான் அன்பே என்று போட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் ரீ சிந்திவிட்டது. யாழ்ப்பாணத்தில ஆரும் பெண்சாதியை அன்பே எண்டு கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறியளோ, இஞ்சாரும் எண்டு போடுங்கோ என்றார். அது கட்டின பெண்சாதியைக் கூப்பிடுகிற சொல், இவன் இன்னும் கட்டவில்லையே என்றேன். விடுதிக்காரிக்கு முன்னால கட்டினதாத்தானே நடிக்கிறான், அப்ப இஞ்சாரும் எண்டுதானே கூப்பிடவேணும் என்றார். ஒரு மணித்தியாலம் வாதாடினோம். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு மூன்று புதன் போய்விட்டது. முழுப் படம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். எனக்காக ஜெபம் செய், பொறுமை கிடைக்கட்டும். புதன்கிழமைகளில் அவருக்கும் சேர்த்துப் பிட்டு அவிக்கவேண்டியிருக்கிறது, அது வேறு கரைச்சல்.

உன் இருமலுக்கு ஆடாதோடை குடிக்கிறாயா? தேவதாய் உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
வேரோனிக்கா


யேசு மரி சூசை

டோர்செட் பார்க்
மாசி 27

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னுடைய கடிதத்தில் சச்சிதானந்தன் என்ற பெயர் இல்லாத பக்கமே இல்லை என்று மதர் சிரித்தாராம். ஒருவரைப் பற்றிக் குற்றம் சொல்வதென்றால் பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? மதருக்கு இதைச் சொல்லிவிடு.

விபூதிப் புதன் அன்று காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்து கதவைத் திறந்தால், அவர் தன் திருநீற்றோடு நிற்கிறார். என்னுடையது கறுப்பு, அவருடையது வெள்ளை. இரண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர், இண்டைக்கு நீங்களும் எங்கடை ஆள்தான் போல என்றார். நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். தவசு நாளில் அப்படிச் சிரித்தது பாவமா? ஒருசந்தி நோன்பெல்லாம் நான் ஒழுங்காகப் பிடிக்கிறேன். அவர் பிறந்தது முதலே மச்சம் மாமிசம் சாப்பிடாதவர். அதனால் தவசு காலத்தில் சமைப்பது இந்த வருடம் லேசாகிவிட்டது. வேலையைக் கழகத்து மண்டபத்துக்கு மாற்ற நினைத்தோம், அதை ஆரோ உடற்பயிற்சிக்கு எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போதும் என் சாப்பாட்டு மேசையில்தான் வேலை. புதன் மட்டும் போதாமல் சனிக்கிழமையும் வருகிறார்.

சரி, இனி நடந்ததைக் கேள். கேட்டுவிட்டுச் சிரிக்காதே.

அவருடைய மகன் வினோதன் மார்க்கம் என்ற நகரத்தில் பெரிய வீடு வாங்கியிருக்கிறான். நல்ல பிள்ளை. அப்பா தனிய இருக்கவேண்டாம், அப்பார்ட்மென்றைக் குடுத்துவிட்டு எங்களோட வாங்கோ என்று ஒரு வருடமாகக் கேட்கிறானாம். கீழ்த்தளத்தை அவருக்கென்று திருத்தியும் வைத்திருக்கிறான். போன சனிக்கிழமை நாங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவன் போன் எடுத்தான். இவர் போனை மேசையில் வைத்துப் பெரிதாகப் போட்டுவிட்டுத்தான் கதைப்பார், எனக்கு எல்லாம் கேட்டது. எப்பப்பா வாறீங்க என்று அவன் கேட்டான். இவர் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாத தம்பி, முதல்ல வேரோனிக்காவோட முடிக்கவேணும், சித்திரைக்குள்ள எப்படியும் முடிச்சுப்போட்டுத்தான் மற்றதெல்லாம் என்றார்.

 அவன், ஓகே அப்பா, ஓகே, ஐ ஆம் ஹப்பி ஃபோர் யூ என்று சொல்லி வைத்துவிட்டான். இவனுக்கு என்ன பிடித்தது என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

தங்கச்சி, இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு முடிக்கிறது என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், கலியாணம் கட்டுவது. பாடத்தை அவர்கள் ஃபினிஷ் பண்ணுவார்கள். சாப்பாட்டை ஃபினிஷ் பண்ணுவார்கள். முடிக்கிறது என்ற தமிழ்ச் சொல்லை அவர்கள் கேட்டதெல்லாம் தாய் தகப்பன் வாயில், நீ எப்பதான் ஒருத்தியை முடிக்கப் போறாய் என்று. வினோதனை இவர் பத்து வருடம் அப்படிக் கேட்டிருக்கிறார். விதைத்ததை அறுக்கத்தானே வேண்டும்?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மெலனி போன் எடுத்தாள். குரல் சரியில்லை. அம்மா, உங்கடை கலியாணத்தை நான் வினோதன் எண்ட ஒரு ஆளின்ரை வாயாலயோ கேட்கவேணும் என்றாள். எந்தக் கலியாணம் என்று நான் கேட்டு முடிக்கவில்லை, கதவில் மணி. திறந்தால் வினோதனும் அவன் மனைவி துவாரகாவும். அவன் கையில் பூச்செண்டு. அவள் கையில் தட்டம், தட்டத்தில் பழமும் வெற்றிலையும் ஒரு கூறைப்பட்டு மாதிரிச் சேலையும். பின்னால் அன்புராசா ஒரு பெரிய கேக் பெட்டியோடு. வாழ்த்துகள் என்று அதில் எழுதியிருந்தது. இந்த மனிதருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குதோ தெரியாது, கழகத்துக் குழுவில் அதற்குள் நாற்பத்திரண்டு பேர் கைகூப்பி அனுப்பியிருந்தார்கள்.

துவாரகா என் கையைப் பிடித்து, அன்ரி, மாமாவுக்கு ஒரு துணை வேணும் எண்டு நாங்க எவ்வளவு நாள் வொறி பண்ணினோம் தெரியுமா என்று கண் கலங்கினாள்.  மற்றவர்களுடைய வாயாக இருபத்திரண்டு வருடம் இருந்த எனக்கு ஒரு சொல் வரவில்லை. அந்த நேரத்தில்தான் சச்சிதானந்தன் அண்ணை, ஏதோ ஒரு வரி பிழையாகிவிட்டது என்று சொல்ல, தன் பாட்டில் உள்ளே வந்தார். மகனைப் பார்த்தார். தட்டத்தைப் பார்த்தார். கேக்கை வாசித்தார். முகம் வெளிறிப் போனது.

ஐயோ, உது அதில்லை, நான் படத்தை முடிக்கிறதையெல்லோ சொன்னனான் என்று கத்தினார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என்ன விசர்க் கதை கதைக்கிறியள், நானும் வேரோனிக்காவுமோ என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வினோதன் தலையில் கை வைத்துச் சிரித்தான். அன்புராசா சிரித்துக்கொண்டே கேக்கை வெட்டிவிட்டார். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். பழத்தையும் சேலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேக்கில் பாதி மட்டும் இங்கே கிடக்கிறது, தவசு காலத்தில் அதை என்ன செய்வது?

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கோபம் வந்தது. பிழையாக விளங்கியதற்கு அந்தப் பிள்ளைகளில் கோபமில்லை. அவர் இல்லை என்று சொன்னதிலும் கோபமில்லை, இல்லாததை இல்லை என்றுதானே சொல்லவேண்டும். ஆனால் அவ்வளவு விரைவாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. என்னை முடிக்கிறது ஒரு விசர்க் கதையா, பைத்தியக்காரத்தனமா? கோபம் ஏன் இவ்வளவு என்று நானே என்னைக் கேட்டேன். பதில் தெரிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அறுபத்து நாலு வயதில் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. இனி வரவேண்டாம், மிச்சத்தை நான் தனிய முடித்து அனுப்புகிறேன் என்று அவருக்குச் செய்தி போட்டிருக்கிறேன். சரி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

எனக்கு இந்தத் தவசு நல்லபடி போகவேண்டும் என்று மன்றாடு. மதர் இந்தக் கடிதத்தை வாசித்திருந்தால், மதர், நீங்களும் மன்றாடுங்கள்.

உன் அக்கா


யேசு மரி சூசை

டோர்செட் பார்க்
சித்திரை 12, ஞாயிறு

என் செல்லத் தங்கச்சி செரீனாவுக்கு,

உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உனக்கும் மதருக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும். போன கடிதத்துக்கு நீ ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாய். அக்கா, கோபத்தை அவரிடமே சொல்லுங்கோ என்று. மடத்துக்குள் இருந்துகொண்டு சொல்வது சுகம். ஆனாலும் அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன்.

ஆறு புதன் அவர் வரவில்லை. நான்தானே வரவேண்டாம் என்றேன், வரவில்லை என்று குறைப்படவும் வழியில்லை. ஒன்று ஐம்பத்தெட்டு ஆனதும் என் காது கதவுக்குப் போய்விடும். லிஃப்ற்றில் இரண்டு தரம் சந்தித்தோம். குளிர் குறையுது என்றார், ஓம் என்றேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை துவாரகா போன் எடுத்து, சித்திரைக் கடைசியில் மாமா எங்களிடம் வருகிறார், லொறிக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள். நல்ல விசயம் என்று சொன்னேன். மார்க்கத்தில் கார் இல்லாமல் ஒரு போத்தல் பாலும் வாங்க முடியாது. முப்பத்தொரு வருடம் ஊரையே ஏற்றி இறக்கின மனிதருக்குச் சொந்தமாக ஒரு கார் இல்லை. போனால் போனதுதான், தங்கச்சி. எனக்கு அது தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை.

படத்தின் கடைசிப் பதினாலு நிமிடத்தை நான் தனியே செய்தேன். வீம்புக்கு அவரிடம் காட்டாமல், நேற்றுக் காலை கொண்டாட்டத்தன்றுதான் அனுப்பினேன். அவரும் என்னை நம்பி, திறந்து பார்க்காமல் அப்படியே சேர்த்துவிட்டார். பிழை அங்கேதான்.

எழுபது பேர் வந்திருந்தார்கள். அன்புராசா இருபது நிமிடம் பேசினார், பிறகு படம். தங்கச்சி, சனம் எப்படிச் சிரித்தது தெரியுமா! அவன் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு இஞ்சாரும் என்று கூப்பிடுகிற இடத்தில் அமிர்தநாதர் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சச்சிதானந்தன் அண்ணை வெட்டச் சொன்ன இடமெல்லாம் சரியாக வந்தது. நான் கடைசி வரிசையில், அவர் முன்னால் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கடைசிப் பதினாலு நிமிடம் தொடங்கியது. திரையின் அடியில் தமிழுமில்லை, இங்கிலிசுமில்லை, கண்டபடி எழுத்தும் புள்ளியும் ஓடியது. நான் வேலையில் பழகிய பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறேன். அவருடைய கொம்பியூட்டருக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஒன்றாக இருந்து செய்தபோது அவர்தான் அடிப்பார், நான் சொல்லுவேன், அதனால் இது எனக்கு நினைப்பே வரவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த ஒரு அம்மா, ஐயோ இப்பதானே அவன் கோவிச்சுக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போறான், என்ன சொல்லுறான் என்று அழுவாரைப் போலக் கேட்டார்.

அன்புராசா ஓடி வந்து, பாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த இரண்டு மைக்கில் ஒன்றை என் கையில் திணித்தார், மற்றதைச் சச்சிதானந்தன் அண்ணையின் கையில். வாயால சொல்லுங்கோ, நீங்கள் பொம்பிளை, அவர் ஆம்பிளை என்றார். திரைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என் வலது முழங்காலை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். தொழில் பழக்கம் விடுமா? அவள் வாயைத் திறந்ததும் என் வாயும் திறந்தது.

குடை விற்கிறவன் ரயிலில் ஏறப் போகிறான். நான் உமக்கு ஏற்ற ஆளில்லை என்கிறான். அதை இவர் சொன்னார். நீதிபதியின் மகள் ரயில் மேடையில் ஓடி வந்து, உங்கடை குடையை விட்டிட்டுப் போறியள் என்கிறாள். நான் அதைச் சொன்னேன். படத்தில் அவளுக்கு அவ்வளவுதான் வசனம். அதற்குப் பிறகு அவன் அவளைக் கட்டிப் பிடிக்கிறான், இசை எழும்புகிறது.

தங்கச்சி, அவள் வாயை மூடிவிட்டாள். நான் மூடவில்லை. நான் மைக்கில் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் அதை விசர்க் கதை எண்டு சொல்லியிருக்கத் தேவையில்லை, எனக்கு அது நொந்தது, இப்பவும் நோகுது, தயவுசெய்து மார்க்கத்துக்குப் போகாதேங்கோ என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்தரம் சொல்லாத ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். எனக்கு எனக்கு என்று எத்தனையோ பேருடைய நோவைச் சொன்ன வாய் அது. இந்தமுறை நொந்தது எனக்குத்தான்.

 அமிர்தநாதர்தான் முதலில் வாயைத் திறந்தார். உந்தப் படத்துக்குள்ள மார்க்கம் எங்கால வந்தது என்று உரத்துக் கேட்டார். இரண்டாம் வரிசையில் இருந்த துவாரகா வாயைப் பொத்திக்கொண்டு வினோதனைக் கிள்ளுகிறாள். திரையில் எழுத்துப் போய் வெள்ளையாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் அவர் மைக்கை வாயில் முட்டிக்கொண்டு நின்றார். மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு, நான் போகேல்லை என்றார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், அன்புராசா இன்னொரு உரை ஆற்றினார். மெலனிக்கு ஆரோ படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் போனில் அழுதாள், சிரித்தாள், பிறகு இத்தனை மாதமும் அண்ணை அண்ணை என்று கூப்பிட்டுவிட்டு இனி என்னவென்று கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டாள். அது எனக்கும் தெரியாது.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஒன்று ஐம்பத்தெட்டு. பூ இல்லை, கேக் இல்லை, கையில் ஒரு கடதாசி. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவர் எடுக்கிற மருந்துகளின் பட்டியல். இருதயத்தில் இரண்டு இடத்தில் கம்பி வைத்திருக்கிறார்களாம், சீனி வியாதி இருக்கிறதாம், ஒரு காது கொஞ்சம் மந்தமாம். எடுக்க முன்னம் வண்டியை நல்லாச் சோதிச்சுப் பார்க்கவேணும் வேரோனிக்கா, ஓட்டம் கனக்க ஓடின வண்டி என்றார். அன்றைக்கு அவ்வளவு கெதியா இல்லையெண்டு கத்தினது, பிள்ளைகளுக்கு முன்னால என்ரை முகம் காட்டிக் குடுத்திடும் எண்ட பயத்தில என்றார். பிறகு நேராகக் கேட்டார். முடிப்பமோ என்று. எதை என்று நான் கேட்கவில்லை.

பூசைக்கு வந்து பின்வரிசையில் இருப்பாராம். தன் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் என் மாதாவுக்கும் இடம் இருக்குதாம், மாதா கோவிப்பாவோ என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். வினோதன் லொறிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எல்லோரும் ஓம். நான் ஒருத்திதான் புதன்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க இரண்டு கிழமையாகும். அதற்குள் நான் ஓம் சொல்லியிருப்பேன். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் அவர் போன பிறகு அந்தக் கடதாசியை எடுத்து வாசித்தேன், செரீனா. ஒவ்வொரு மருந்தும் எனக்குத் தெரியும். எது எதற்கென்று தெரியும், எதற்குப் பிறகு எது வருமென்றும் தெரியும். மெலனியின் அப்பாவுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி முழுக்கச் சனத்துக்கு மொழிபெயர்த்த நான், அவருடைய கட்டிலடியில் நின்று, நாளைக்கு வந்து சொல்வார்களாம் என்று பொய் சொன்னேன். இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. இன்னொரு கட்டிலடியில் நிற்க எனக்குப் பயம். நேற்று மைக்கில் அவ்வளவு சொன்னவளுக்கு இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவேண்டாம், அவருக்கு ஆயுளைக் கேள். சைவக்காரர் என்று ஆண்டவர் பார்க்கமாட்டார், பார்த்தால் நீ விடாதே. நாற்பத்தொரு வருடம் ஆண்டவருக்கு வேலை செய்கிறாய், ஒரு நாளாவது சம்பளம் கேட்டாயா? இப்போது கேள். அவருக்கு முன்னம் நான் போகவேண்டும் என்று கேள். வேண்டாம், அப்படிக் கேட்காதே. பிறகு அந்த மனிதர் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு வந்து ஆருடைய கதவைத் தட்டுவார்? அவர் முதலில் என்றும் கேட்காதே. என்னவென்று கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. நீ போய் முழங்காலில் நில். சொல் வராவிட்டாலும் பரவாயில்லை, நில்.

உன்னையே நம்பியிருக்கும்
அக்கா வேரோனிக்கா